சூடு தெரியாத கால்

அந்தப் பையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பேசிக்கொள்கிற மாதிரி நீங்களும், "ஏதோ கெமிக்கல் பையை வைத்துக் காலைப் பொசுக்கிக்கொண்டாராம், பாவம்" என்று பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். பை அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. என் கழுத்துப் பிடிப்புக்கு இன்றைக்கும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் வினோதினி மாதாமாதம் அந்த நாட்களில் அடிவயிற்றில் அதைக் கட்டிக்கொண்டுதான் ஆபீஸுக்கே போகிறாள். என் கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான், அதிலும் முதலில் என் வீட்டுக்காரர் மேல்.

அவர் பெயர் சபாநாயகம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சுகிற பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். கரும்புச் சாறு சுண்டிப் பாகாகி வரும்போது, சரியான பதம் பார்த்து அதில் கொஞ்சம் சர்க்கரைப் பொடியை விதையாக விட வேண்டும். அந்த விதையைப் பிடித்துக்கொண்டுதான் பாகு முழுக்க மணி மணியாகக் கட்டும். கொஞ்சம் முந்தினால் விட்ட விதை கரைந்துவிடும். பிந்தினால் பாகு தன் இஷ்டத்துக்குக் கட்டி, எல்லாம் பாழ். அந்தப் பதத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஆலையில் பெரிய ஆபீசர்கள்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் வால்வைத் திறப்பார்களாம். வீட்டில் ரவா கேசரி கிண்டினால்கூட அடுப்படிக்கு வந்து நின்று பதம் சொல்லுவார். நான் கரண்டியைக் காட்டி விரட்டுவேன்.

ரிட்டயர் ஆனதும் சிதம்பரத்துக்கு வந்துவிட்டோம். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அப்பா விட்டுப்போன வீடு. இங்கே அவரை யாருக்கும் தெரியாது. பால்காரரில் இருந்து கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள் வரை எல்லோருக்கும் அவர் ஸ்வர்ணலதா வீட்டுக்காரர், அவ்வளவுதான். அது அவருக்கு உறைத்துக்கொண்டே இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் என்ன செய்ய முடியும், தெருத்தெருவாகப் போய் இவர் பாகு காய்ச்சுவதில் புலி என்று தண்டோரா போடவா?

சுகர் அவருக்கு ஆலையில் இருக்கும்போதே வந்துவிட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், சாப்பாட்டில்தான் திருட்டுத்தனம். கொஞ்சம் கொஞ்சமாக வலது கால் மரத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் கோயிலுக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு சன்னிதி வாசலில் நிற்கிறார். இன்னொரு செருப்பு தெருமுனையில் கிடக்கிறது. கழன்றதே தெரியவில்லை. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், வெந்நீரில் காலை வைப்பதற்கு முன்னால் கையால் தொட்டுப் பாருங்கள், காலுக்கு ஒத்தடம் கித்தடம் எதுவும் வேண்டாம். இவர் நல்ல பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். அவர் குனிந்து பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கிற சாக்கில் நானே பார்த்து வந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் 'இதம் இலவச வெப்ப நல மையம்' திறந்தார்கள். காலையில் போய் டோக்கன் வாங்கினால், நாற்காலியில் உட்காரவைத்து, வலிக்கிற இடத்தில் சூடான பை ஒன்றை வைப்பார்கள். எல்லாம் இலவசம். பிடித்திருந்தால் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகலாம், அது மட்டும் இலவசம் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு குலாம் முகம்மது பாய்தான் முதலில் போனார். புருனேயில் பல வருஷம் மூட்டை தூக்கி இடுப்பு போனவர். மனுஷர் பொய் சொல்ல மாட்டார். பை வைத்தால் இடுப்பு இளகுகிறது என்றார், இவரையும் கூட்டிப் போனார்.

முதல் நாள் போய்விட்டு வந்தவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு பையைக் காட்டினார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம், அதில் காசு போல ஒரு தகரத் தகடு மிதந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. அந்தத் தகட்டைப் பைக்கு வெளியில் இருந்தே கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்றது. தகட்டின் ஓரத்தில் இருந்து வெள்ளை வெள்ளையாக நூல் கிளம்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பை முழுக்க உறைந்து கட்டியாகி, கையில் பிடிக்க முடியாமல் கொதித்தது. எனக்கே வாயடைத்துப் போய்விட்டது, பொய் சொல்வானேன்.

"இது எங்க பாகுதான் ஸ்வர்ணா," என்றார். "சர்க்கரைக்குப் பதிலா வேற உப்பு, அவ்வளவுதான்."

அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. அதில் இருப்பது சோடியம் அசிடேட். வினிகரும் சோடா உப்பும் சேர்ந்தால் வருகிற உப்பு, தண்ணீரோடு சேர்த்து அடைத்திருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் பையைப் போட்டால் உப்பு முழுக்கக் கரைந்துவிடும். ஆறும்போது நியாயமாக அது திரும்பக் கட்ட வேண்டும். ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு விதை இல்லாததால் கட்டாமல் அப்படியே திரவமாகவே நிற்கும். தகட்டை அழுத்தினால் முதல் மணி பிறக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் கட்டுகிறது. கரைப்பதற்குக் கொடுத்த சூட்டை, கட்டும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் ஆறிப்போகும். மறுபடியும் காய்ச்சினால் மறுபடியும் தயார். நூறு தடவை செய்தாலும் அலுக்காது.

"அப்படின்னா அதுல இருக்கிறது என் அடுப்புச் சூடு," என்றேன்.

"அதேதான்," என்றார், ஏதோ நான் பரீட்சையில் பாஸ் ஆகிவிட்ட மாதிரி.

மையத்தை நடத்தியவள் இலக்கியா என்ற பெண். சின்ன வயசு, சிரித்த முகம், எல்லோரையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால் உண்டு. இவளோ தினமும் வாசலிலேயே நின்று, "அப்பா வந்துட்டாங்க" என்று நாற்காலி போடுகிறாள். வந்தவர்களில் பாதிப் பேர் பையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு தடவை சூடானதும் பவர் தீர்ந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இவர் போய் விளக்கம் சொன்னார். பாத்திரத்து அடியில் பழைய வேட்டித் துணியைப் போடுங்கள், பிளாஸ்டிக் நேரே பாத்திரத்தில் பட்டால் ஓட்டை விழும். கொதித்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகளவு வெள்ளை மணி மிச்சம் இருந்தாலும், ஆறும்போது அதுவே விதையாகிப் பை தானாகக் கட்டிக்கொள்ளும், சூடு வீணாகப் போய்விடும். இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. இலக்கியா அவர் கையில் மைக்கைக் கொடுத்தாள். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திவிட்டாள், 'மூத்த வழிகாட்டி' என்று.

அவ்வளவுதான், போயிற்று. காலையில் எழுந்து ஷேவ் செய்து, அயர்ன் செய்த சட்டை போட்டுக்கொண்டு, ஆலைக்குக் கிளம்புகிற மாதிரிக் கிளம்புவார். தெருவில் ஆட்கள் அவரை நிறுத்திச் சந்தேகம் கேட்டார்கள். கடைத்தெருவில் ஒருத்தி என்னைக் காட்டி, பாகுக்காரர் வீட்டம்மா என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளையைவிட, வெளியில் போய் நாலு பேருக்குப் பாடம் எடுக்கிறவர் தேவலை இல்லையா?

ஒரு நாள் குலாம் பாய் வாசலில் நின்று இவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். மையத்தில் ஒரு வழக்கமாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பையை அழுத்தி வைப்பார்கள். சூடு தாங்காதவர்கள் ஒவ்வொருவராக, "சுடுது, எடுத்துடு" என்பார்கள். கடைசி வரை எடுக்கச் சொல்லாமல் இருப்பவருக்கு எல்லோரும் கை தட்ட வேண்டும். தினமும் அந்தக் கைதட்டல் இவருக்குத்தானாம்.

"நம்மாளு காலுக்கு அடியில ரெட்டைப் பை வெச்சாலும் அசைய மாட்டாரு தங்கச்சி. அப்படி ஒரு தெம்பு," என்றார் பாய்.

அதுவரை அவர் முதுகுக்கோ தோளுக்கோ வைத்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படித்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். பிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் டம்ளரை வலது உள்ளங்காலில் வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"சுடுது," என்றார். குரலில் ஒரு சந்தோஷம் வேறு. "நல்லாச் சுடுது. பாத்தியா, நரம்பு முழிச்சுக்கிச்சு."

நான் டம்ளரை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. நான் சூழ்ச்சி செய்து அவமானப்படுத்துகிறேனாம். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். நூறு பேருக்குச் சூட்டைப் பற்றிச் சொல்கிறவருக்குத் தன் காலில் சுடுவது தெரியவில்லை, இதை எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டேன். கையில் கிடைத்த பைகளை எல்லாம் எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நானே மையத்துக்குப் போனேன். மாடி நிறைய ஆட்கள். வயல் வேலையில் மூட்டு தேய்ந்தவர்கள், மீன் கூடை சுமந்து கழுத்துப் போனவர்கள், சும்மா பொழுது போகாதவர்கள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் பேச்சு தடுமாறியது. நான் நேரே இலக்கியாவிடம் போய், எல்லோரும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். இவருக்குக் காலில் உணர்ச்சி இல்லை, பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் ஒன்றுதான், சுகர்காரர் மரத்த காலில் இதை வைக்கக்கூடாது, வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது, உனக்கு இது தெரியுமா தெரியாதா என்று கேட்டேன்.

அவள் கோபப்படவே இல்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

"நரம்பு தூங்குதும்மா. சூடு தெரியலைன்னா இன்னும் ஜாஸ்தி நேரம் வெக்கணும், தெரிய ஆரம்பிச்சா குணமாகுதுன்னு அர்த்தம்," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்குச் சூடு தெரியுதா, இல்லையா?"

மாடியே அவரைப் பார்த்தது. மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன், அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"தெரியுது," என்றார். "நல்லாத் தெரியுது."

கை தட்டினார்கள். குலாம் பாயும் தட்டினார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் அப்படிக் கேட்டது தப்பு, அதனால்தான் மனுஷர் வீம்புக்கு வைத்துக்கொண்டார் என்று பின்னால் என் நாத்தனார் சிவகாமி எனக்கே புத்தி சொன்னாள். சொல்லட்டும். இன்னொரு தடவை அந்த மாடி ஏற வேண்டி வந்தாலும் அதையேதான் கேட்பேன், இன்னும் சத்தமாகக் கேட்பேன்.

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன், காலைத் தொடவிடவில்லை. மையத்தில் சாக்ஸ் போடச் சொல்லியிருக்கிறார்களாம், சூடு வெளியே போகாமல் இருக்க. ராத்திரி பகல் எந்நேரமும் சாக்ஸ். புதுப் பைகள் வந்துவிட்டன. ஒன்றை உள்ளங்காலில் வைத்து, மேலே இன்னொன்றை வைத்து, கிரேப் பேண்டேஜால் சுற்றிக்கொண்டு டி.வி. பார்ப்பார். ஆறினதும் அவரே அடுக்களைக்கு வந்து என் இட்லிக் குண்டானில் துணியைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார். இடுக்கியால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், கடுகளவு மணி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று. அந்தக் கண்ணாடியோடு, அந்த வெளிச்சத்தில், ஒரே ஒரு தடவை தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் என்ன? நானும் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாத இடத்தில் எத்தனை தடவைதான் சொல்வது.

மழைக்காலம் தொடங்கியபோது வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அரிசி டிரம்மை நகர்த்தினேன், பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன், பரணில் இருந்ததை எல்லாம் இறக்கினேன். ஒன்றும் இல்லை. என்னோடு பேசாமல் இருந்த மனிதர், நான் தனியாகத் திண்டாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலுக்கு அடியில் அடித்தார், அலமாரிக்குப் பின்னால் அடித்தார்.

"இந்தப் பக்கம்தான் வருது ஸ்வர்ணா," என்றார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் பெயரைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

அவர் பின்னாலேயே போனேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். ஒரு காலின் தடம் மட்டும்.

உட்காரவைத்துச் சாக்ஸைக் கழற்றினேன். வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். அதை எல்லாம் விவரமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே குழி, உள்ளே கறுப்பு. நான் துணியைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறேன், அவர் வலி என்று முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. டார்ச்சைக் கையில் பிடித்தபடி குனிந்து பார்த்து, "எப்பலேர்ந்து இருக்கு?" என்று என்னைக் கேட்டார். என்னை.

குலாம் பாய் கார் பிடித்து வந்தார். கடலூருக்குப் போகும் வழி முழுக்க முன்சீட்டில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஜபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். நம்மாளு தெம்பு என்று கை தட்டிய கை அது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்டார். இவர் ஆரம்பித்துவிட்டார். உப்பு, விதை, திரவம், கட்டும்போது வெளிவரும் சூடு, எல்லாம். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, அதெல்லாம் சரி, அது ஐம்பது டிகிரிக்கு மேலே போகுமே, யாராவது சொல்லவில்லையா என்று கேட்டார்.

"ஐம்பத்தி நாலு வரைக்கும் போகும்," என்றார் என் வீட்டுக்காரர்.

முதலில் விரல்களை எடுத்தார்கள். நிற்கவில்லை, எலும்புக்குள் போய்விட்டது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். வினோதினி ஓசூரில் இருந்து வந்துகொண்டிருந்தாள். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு அந்த வராண்டாவில் உட்கார முடியாமல், டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தேன். அப்போது அவர் குரல் கேட்டது.

"இதுல மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. விஞ்ஞானம்."

பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கடையின் முகப்பில் அதே பலகை, இதம் இலவச வெப்ப நல மையம், கடலூர் கிளை. உள்ளே பெரிய டி.வி.யில் அவர். அயர்ன் செய்த சட்டை, பேட்ஜ், கையில் பை. டிக் என்று அழுத்தி, வெள்ளை நூல் ஓடுவதைக் கேமராவுக்குக் காட்டுகிறார். இடுப்புக்கு மேலேதான் படம் எடுத்திருந்தார்கள். நாற்காலிகளில் இருபது முப்பது பேர் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறார்கள். எவ்வளவு அழகாகப் பேசுகிறார்! என்னிடம்கூட அவ்வளவு பொறுமையாக எதையும் சொன்னதில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே, தன் கால் மரத்துக் கிடந்தது, இப்போது உயிர் வந்துவிட்டது என்கிறார்.

மேஜையில் இருந்த பெண் ஒரு டோக்கனை நீட்டினாள். "உக்காருங்கம்மா. இந்த அப்பா சொல்றதைக் கேளுங்க, அவருக்கே கால் குணமாயிடுச்சு."

"இவரு காலை இப்பத்தான் அறுத்துக்கிட்டு இருக்காங்க," என்றேன். "எதிர்த்தாப்புல, அந்த ஆஸ்பத்திரியில. நான் இவரு பொண்டாட்டி."

அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒரு கிழவர் மட்டும் திரும்பினார். அவள் ரிமோட்டை எடுத்தாள். நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினாள்.

காறித் துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். நாக்கு வறண்டு கிடந்தது, துப்பக்கூட எச்சில் இல்லை. சிதம்பரத்து மையம் அதற்குள் காலி ஆகிவிட்டது என்று பாய் பிறகு சொன்னார். அந்த மாடியில் மறுபடியும் கல்யாணம் நடக்கிறதாம். இலக்கியா போனை எடுக்கவில்லை. பெண்ணாடம் பக்கம் புதுக் கிளை திறந்திருக்கிறாள் என்று கேள்வி. அங்கேயும் சர்க்கரை ஆலை இருக்கிறது, அவள் பேச்சைக் கேட்க ஆட்களுக்குப் பஞ்சம் இருக்காது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பகலில் ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாரும் சந்தேகம் கேட்க வருவதில்லை. பேட்ஜை நான் தூக்கி எறியவில்லை, அவரும் கேட்கவில்லை. வினோதினி ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். பாய் தினமும் மத்தியானத் தொழுகை முடித்து வந்து, கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

நேற்று மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே இருந்து முனகல். போய்ப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கட்டைவிரல் ஸ்வர்ணா. யாரோ முறுக்குற மாதிரி குத்துது."

"எந்தக் கட்டைவிரல்?"

"வலது காலு."

அதைக் கடலூரில் விட்டுவிட்டு வந்தாயிற்றே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். இப்படி வரும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். கால் போனாலும் மூளைக்குள் கால் இருக்குமாம், அது வலிக்குமாம், நடிப்பு இல்லை, உண்மையான வலிதானாம். இருக்கும்போது எதுவும் தெரியாத கால், இல்லாதபோது வலிக்கிறது. எழுதி வைத்திருந்த மாத்திரையைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். வலி அதற்குக் கேட்கவில்லை. அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பையை வெச்சு விடேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டையே கொளுத்தியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் வீம்பு இல்லை, மூத்த வழிகாட்டி இல்லை, ஒன்றும் இல்லை. அடுக்களைக்குப் போனேன். இட்லிக் குண்டானில் வேட்டித் துணியைப் போட்டேன். கல் மாதிரிக் கட்டிக் கிடந்த பையைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மணி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன், அவர் பார்ப்பது போலவே. ஆறியதும் எடுத்து வந்து, தகட்டை அழுத்தினேன். டிக் என்றது. வெள்ளை நூல் ஓடியது.

"எங்க வெக்கறது?" என்றேன்.

விரலால் காட்டினார். வேட்டி சரிந்து கிடந்த இடத்துக்குக் கீழே, வெறும் விரிப்பு. பாதம் இருந்திருந்தால் அங்கேதான் இருக்கும். பையை அங்கே வைத்தேன். ஒன்றும் இல்லாத இடத்தில் அதை வைத்துவிட்டு, அது சரியாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரிப்பைப் பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது. வெளியே யாரோ தக்காளி விற்றுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, என் உள்ளங்கை பொறுக்க முடியாமல் எரியத் தொடங்கியபோது, அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"சுடுது ஸ்வர்ணா," என்றார். "எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.